அடியில் வைத்த பூ ஏன் மறைந்தது? பாலிமர் கிளேயில் ஒளிகசியும் அடுக்குகள்

கேள்வி இது: "வெள்ளை அடித்தளத்தில் நீலப் பூ ஒன்றை வைத்து, அதன் மேல் டிரான்ஸ்லூசன்ட் (ஒளிகசியும்) கிளேயை ஓர் அடுக்காகப் பரப்பிச் சுட்டேன். கண்ணாடிக்குள் பூ இருப்பதுபோல வரும் என்று நினைத்தேன். தயிர்சாதத்தில் புதைந்த மாதிரி மங்கிப்போய்விட்டது. ஓரமெல்லாம் பழுப்பு. உள்ளே பிறை பிறையாக வெள்ளைப் புள்ளிகள் வேறு. பிராண்டை மாற்றுவதா, அடுக்கைக் குறைப்பதா, இல்லை அடுப்புதான் தப்பா?"

மூன்று கோளாறு, மூன்றுக்கும் வெவ்வேறு காரணம். மங்கலுக்குக் காரணம் தடிமன். பழுப்புக்குச் சூடு. பிறைகளுக்கு ஈரம். பிராண்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம், அதற்கு அவ்வளவு அவசரமில்லை. அதற்கு முன்னால், "கண்ணாடிக்குள் பூ" என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கிளேயை வைத்துக் கண்ணாடி செய்ய முடியாது. கண்ணாடிதான் வேண்டுமென்றால் ரெசின் ஊற்றுவது நல்லது, வேலையும் சீக்கிரம் முடியும்.

பள்ளியில் படித்தது நினைவிருக்கிறதா? ஒளி ஊடுருவும் பொருள், ஒளி கசியும் பொருள், ஒளி ஊடுருவாப் பொருள். இரண்டாவதற்கு உதாரணமாக எண்ணெய் தடவிய காகிதத்தைச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துச் செய்தித்தாள் மேல் ஒட்டி வையுங்கள், எழுத்தைப் படிக்கலாம். ஒரு விரற்கடை தூக்குங்கள், எழுத்து கலங்கிச் சாம்பல் பட்டையாகிவிடும். காகிதம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. நம் கிளேயும் இப்படித்தான். தன்னை ஒட்டி இருப்பதைக் காட்டும், தள்ளி இருப்பதைக் கலைத்துவிடும். உங்கள் பூ மறைந்தது கிளே மோசம் என்பதால் அல்ல, பூவுக்கும் மேற்பரப்புக்கும் நடுவே இடைவெளி அதிகமானதால்.

பொருள் என்ன என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பெயரில் கிளே இருந்தாலும் இது மண் அல்ல. பிவிசி பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய தூளை, அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற திரவத்தோடு (பிளாஸ்டிசைசர்) பிசைந்தது. அதில் நிறமி சேர்த்தால் கலர் கிளே. சேர்க்காமல் விட்டால், ஏறக்குறைய, அதுதான் டிரான்ஸ்லூசன்ட். பச்சையாக இருக்கும்போது அது மெழுகு மாதிரி வெளுப்பாக, அடியில் இருப்பது எதுவும் தெரியாமல் இருக்கும். சூட்டில்தான் தூள் அந்தத் திரவத்தை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று இணைந்து, ஒளிக்கு வழி விடுகிறது.

ஜவ்வரிசி வேகும்போது பாருங்கள். போடும்போது சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருக்கும். வேக வேக வெளிப்பக்கம் தெளிந்து, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் நிற்கும். அதுவும் போனால்தான் வெந்தது. கிளேயில் நடப்பது வேறு வேதியியல், ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதேதான். அரைவேக்காட்டில் எடுத்தால் உள்ளே பால் நிற்கும். பழுப்பாகிவிடுமோ என்று பயந்து சீக்கிரம் வெளியே எடுப்பவர்களுக்கு மங்கலும் சேர்ந்தே வருவது இதனால்தான். இன்னொன்று: பச்சைக் கிளேயில் பார்த்த நிறம் கடைசி நிறம் அல்ல. சாயமிட்ட ஒளிகசியும் கிளே வெந்ததும் நன்றாகவே அடர்ந்துவிடும். இளரோஜா என்று நினைத்துக் கலந்தது மாதுளை முத்தாக வெளியே வரும்.

சரி, தடிமனுக்கு வருவோம். மேலே விழும் வெளிச்சம் அடுக்கைக் கடந்து பூவைத் தொட்டு, அதே அடுக்கு வழியாகத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வர வேண்டும். ஆக, 1 மி.மீ. அடுக்கு என்றால் வெளிச்சத்துக்கு 2 மி.மீ. பயணம். போகும் வழியெல்லாம் அது சிதறிக்கொண்டே இருக்கும். என் சோதனைத் துண்டுகளில் அரை மி.மீ.க்கு அடியில் பேனாக்கோடுகூடத் துல்லியமாகத் தெரிகிறது. 1 மி.மீ.யில் கோட்டின் ஓரம் மெதுவாகிறது, ஆனால் பூ பூவாகவே இருக்கிறது. 2 மி.மீ.யில் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஒரு நிழல். 3 மி.மீ. தாண்டினால் அங்கே ஏதோ நீலமாக இருக்கிறது என்ற அளவுக்குத்தான் மிஞ்சும். நீங்கள் பரப்பியது பாஸ்தா மெஷினின் (கிளேயை இரண்டு உருளைக்கு நடுவே விட்டுத் தகடாக்கும் கருவி, தடிமனை எண்ணால் மாற்றலாம்) மிகத் தடித்த எண்ணில் என்று ஊகிக்கிறேன். அது பல மெஷின்களில் கிட்டத்தட்ட 3 மி.மீ. வரும்.

மெல்லிய எண்ணுக்கு நேரடியாகப் போனால் கிளே சுருண்டு கிழியும், அதுவும் நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு எண்ணாக இறங்குங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள். மெஷின் இல்லையென்றால், இரண்டு பக்கமும் சம உயரத்துக்கு விசிட்டிங் கார்டுகளை அடுக்கி, அதன் மேல் கண்ணாடிக் குப்பியை உருட்டினால் போதும். (எந்த வழியானாலும், கிளேக்கு எடுத்த மெஷினும் கட்டையும் கிளேக்கு மட்டும். பிறகு அதில் சப்பாத்தி உருட்டக் கூடாது.)

நகை செய்வதற்கு முன்னால் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, சோதனைப் பட்டைகள் செய்துகொள்ளுங்கள். நான் செய்வது இப்படி: விரல் நீள வெள்ளைப் பட்டை ஒன்று, அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். அதன் மேல் ஒளிகசியும் கிளேயைப் படிக்கட்டு மாதிரி வைக்கிறேன். முதல் கோட்டின் மேல் ஓர் அடுக்கு, இரண்டாவதன் மேல் இரண்டு, இப்படி ஐந்து படி. சுட்டு எடுத்தால் எந்தப் படியில் கோடு கரைகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்தப் பட்டையின் முதுகில் பிராண்டு, சூடு, நேரம் மூன்றையும் ஊசியால் கீறி வைக்கிறேன். தாளில் எழுதி வைத்தால் தாள் தொலைந்துவிடும். ஒரு பட்டையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தடிமனையும் மாற்றி, சாயத்தையும் மாற்றி, அடுப்பையும் மாற்றினால் நல்லது எதனால் வந்தது, கெட்டது எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. நான் முதல் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

அடித்தளம் பற்றி ஆட்கள் குறைவாகவே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலையே அங்கேதான். மேலே போடும் அடுக்கு வெறும் வழி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அடித்தளம். வெள்ளை அப்படியே திருப்பி அனுப்பும், அதனால் மேலே இருக்கும் சாயம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருக்கும். கறுப்பு விழுங்கிவிடும், அதன் மேல் எவ்வளவு நல்ல அடுக்கைப் போட்டாலும் புகை படிந்த மாதிரிதான் வரும். (அந்தப் புகையே வேண்டும் என்றால் அது வேறு கதை. நிலாக்கல் மாதிரி ஒரு நீலச் சாயல் சில நேரம் கிடைக்கும்.) முத்து நிறக் கிளே வெள்ளையைவிட மென்மையாக இருக்கும், உள்ளே இருக்கும் மைக்காத் துகள் கோணத்துக்கு ஏற்ப மின்னும். எல்லாவற்றையும்விட அழகு ரேக்கு. தங்க நிறமோ வெள்ளி நிறமோ, உலோக ரேக்கை ஒட்டி, அதன் மேல் சாயமிட்ட அரை மி.மீ. அடுக்கு. கோயில் நகைகளில் கெம்புக் கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடு வைத்து மூடிக் கட்டுவார்களே, அதே வித்தைதான். கல் தானாக அவ்வளவு சிவப்பாக எரிவதில்லை, அடியில் இருப்பது வெளிச்சத்தைத் திருப்பித் தள்ளுகிறது. ரேக்கு அடித்தளத்தில் என் முதல் சிவப்புப் பதக்கம் வெந்து வந்தபோது, வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் நான் எதிர்பார்த்த அளவுக்கு ஆச்சரியப்படவில்லை.

சாயம் சேர்க்கும்போது கை தாராளமாகப் போகக் கூடாது. நெல்லிக்காய் அளவு ஒளிகசியும் கிளேக்குக் கடுகளவு கலர் கிளே. போதவில்லை என்றால் இன்னொரு கடுகு. கலர் கிளேயில் வெள்ளை நிறமி கலந்திருந்தால் அது ஒளியை அடைத்துவிடும். அதனால் பால் நிறங்கள், பேஸ்டல் வகைகள் எல்லாம் இதற்கு ஆகாது. அடர்ந்த, சுத்தமான நிறங்களைத்தான் எடுக்க வேண்டும். ஓவியர்களின் ஆயில் பெயின்டும் நன்றாகவே வேலை செய்யும். குழாயின் மேல் ஒளி ஊடுருவும் நிறம் என்று குறிப்பிட்டிருப்பதாகத் தேர்ந்தெடுங்கள், ஒரு குண்டூசித் தலை அளவு போதும். தாலோ நீலமும் அலிசரின் கிரிம்சனும் அருமையாக வரும். காட்மியம் நிறங்கள் ஒளியை மறைப்பவை, நச்சும்கூட, வேண்டாம்.

ஆல்கஹால் இங்க் எல்லாருக்கும் பிடிக்கும். நிறம் துல்லியம், கலப்பதும் சுலபம். ஆனால் அதில் இருக்கும் ஆல்கஹால் முழுக்கப் பறந்துவிட வேண்டும். ஒருமுறை அவசரத்தில், மை சொட்டிய உடனே மடித்துப் பிசைந்து, காதணி செய்து, அடுப்பில் வைத்தேன். சுட்டு எடுத்தபோது அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக நின்றது. அதற்கு அப்புறம், தகட்டைப் பரப்பி மையைத் தடவி, ஒரு மணி நேரமாவது ஃபேனுக்கு அடியில் விட்டுத்தான் மடிக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. இந்த மைகள் பெரும்பாலும் நிறமியால் அல்ல, சாயத்தால் ஆனவை. வெயிலில் தொங்கும் பொருளுக்குப் போட்டால் நாளடைவில் வெளுத்துவிடும்.

இரண்டு சாய அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் கண்ணாடித்தாள் விதிதான். மஞ்சளின் மேல் நீலம் பச்சையாகத் தெரியும், மஞ்சளின் மேல் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். எதிர் நிறங்களை, உதாரணமாகச் சிவப்பின் மேல் பச்சையை, வைத்தால் சேறு. சாயத்துக்குப் பதிலாகச் சமையலறைப் பொடிகளைத் தூவுவதும் உண்டு: மிளகுத்தூள், காய்ந்த புதினா, மஞ்சள். ஜேடு என்ற பச்சைக்கல், அம்பர் மாதிரி போலிக் கற்கள் செய்வதற்கு இந்த வழி நன்றாக வரும். அமெரிக்கக் கலைஞர் டோரி ஹியூஸ் இந்தப் போலிக் கல் வேலைகளுக்கே பெயர் பெற்றவர். பொடி எதுவானாலும் எலும்பு காய்ந்ததுபோலக் காய்ந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பூ. தனியாகப் பூவைச் செய்து, அதை ஓர் அடுக்கால் மூடுவது கடினமான வழி. எளிதான வழி கேன். தண்ணீர்க் கேன் அல்ல. படத்தையே நீளமான உருளையாகக் கட்டி, குறுக்கே சீவி எடுப்பதைக் கிளேக்காரர்கள் கேன் என்பார்கள். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் அதே வளையம் வருவதுபோல, இந்த உருளையை எங்கே சீவினாலும் அதே பூ வரும். இதில் இதழ்களுக்கு நடுவிலும் வெளியிலும் வெள்ளைக்குப் பதிலாக ஒளிகசியும் கிளேயை நிரப்புங்கள். தாள் மாதிரி மெல்லியதாகச் சீவி, வெள்ளை அடித்தளத்தில் வைத்து, உருளையால் அமுக்குங்கள். வெந்ததும் நிரப்பிய பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய், இதழ்கள் மட்டும் நிற்கும். துண்டின் ஓரம் எங்கே முடிகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பூக்கள் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறியிருந்தால், கீழே இருப்பது மேலே இருப்பதன் நிரப்பு வழியாக லேசாகத் தெரியும். "ஆழம்" என்று நாம் தேடுவது அந்த இடத்தில் தானாக வந்து நிற்கும். 4, 5 அடுக்கு வரை இப்படி ஏற்றலாம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அரை மி.மீ.க்கும் குறைவு.

மெல்லியதாகச் சீவ, கேன் குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் அது எழுதப்பட்டது குளிர்நாட்டு வறண்ட காற்றை நினைத்து. கடலோர ஊரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேன் அரை நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்தத் தண்ணீரோடு சீவி அடுக்கினால் பிறைகள் நிச்சயம். காற்றுப் போகாத கவரில் கட்டி வைத்து, எடுத்த பிறகும் கவரைப் பிரிக்காமல் பத்து நிமிடம் விட்டு, வெளிப்பக்கம் வியர்வை அடங்கியதும் பிரியுங்கள். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும், பரவாயில்லை.

அந்தப் பிறைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு மூன் (moon) என்றும் பிளாக் (plaque) என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளிகசியும் கிளேயின் உள்ளே, நகக்கண் மாதிரி வட்டமாகவோ பிறையாகவோ நிற்கும் வெளுத்த திட்டுகள். கிளேக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் விரிவதால் வருகிறது என்பதே அனுபவக்காரர்களின் பொதுவான கருத்து, என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் செய்தவற்றில் அதிகம், பங்குனியில் செய்தவற்றில் குறைவு. கிளே பாக்கெட்டைத் திறந்தால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கையை ஈரத் துடைப்பானால் துடைத்தால், முழுக்க உலரும்வரை கிளேயைத் தொடாதீர்கள். உள்ளங்கை வியர்க்கும் ஆள் என்றால் கையுறை. பிசையும்போது மடிப்பை மெஷினுக்குள் முதலில் விடுங்கள், திறந்த பக்கத்தை முதலில் விட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அடுப்பைச் சூடாக்கி வைத்துப் பொருளை உள்ளே வைப்பதற்குப் பதிலாக, குளிர்ந்த அடுப்பில் வைத்து மெல்லச் சூடேற்றுவதும் எனக்குப் பலன் தந்தது. இவ்வளவும் செய்து ஒன்றிரண்டு பிறை வந்தால் விட்டுவிடுங்கள். போலி நிலாக்கல்லுக்கும் ஜேடுக்கும் அந்தத் திட்டுகள்தான் நிஜக்கல்லின் தோற்றத்தைத் தருகின்றன.

கேன் இல்லாமல், கையால் வரைந்த படத்தை அடுக்குக்குள் வைக்க ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் கேத்லீன் டஸ்டின் இதில் பெரிய பெயர். ஒளிகசியும் பாலிமர் அடுக்குகளுக்குள் முகங்களையும் உருவங்களையும் வைத்து அவர் செய்த சிறு கைப்பைகள், தூரத்தில் இருந்து பார்த்தால் மூடுபனிக்குள் ஆட்கள் நிற்பதுபோல இருக்கும். நம் அளவுக்குச் செய்ய: முதல் அடுக்கைச் சுட்டு, ஆறவைத்து, 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகும். அதன் மேல் கலர் பென்சிலால் வரையலாம். திரவக் கிளேயை (குப்பியில் வரும், ஊற்றும் பதத்தில் இருக்கும் பாலிமர் கிளே) விரலால் மெழுகிய மாதிரி மிக மெல்லியதாகத் தடவி, அரை மி.மீ. பச்சை அடுக்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிப் படிய வையுங்கள். குமிழி தெரிந்தால் ஊசியால் குத்தி, காற்றை வெளியேற்றி, மீண்டும் நீவுங்கள். 10 முதல் 15 நிமிடம் சுட்டு, மறுபடி வரைந்து, மறுபடி அடுக்கு. கடைசியில் மட்டும் முழு நேரச் சூடு. சூடு அளவாக இருந்தால் பலமுறை சுடுவதால் கெடுதல் இல்லை.

எந்தப் பொருளை எந்த ஆழத்தில் வைப்பது என்பதில்தான் சுவாரசியம். தெளிவாகத் தெரிய வேண்டியது மேல் அடுக்கில், மங்கலாக நிற்க வேண்டியது அடியில். தூரத்து மலையை ஓவியர் நீலத்தைக் கரைத்து வெளுப்பாகப் போடுவார். இங்கே அந்தக் கரைப்பைக் கிளேயே செய்துவிடும், நீங்கள் மலையை அடியில் வைத்தால் போதும். உங்கள் மங்கிய பூகூட இப்படி ஒரு படத்தின் பின்னணியாக இருந்திருந்தால் நீங்களே அதைப் பிழை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மொக்குமே கானே பற்றியும் இரண்டு வார்த்தை. ஜப்பானின் அகிதா பகுதியில் 17 ஆம் நூற்றாண்டில் வாள் அலங்காரத்துக்காக வளர்ந்த உலோக வேலை அது. பல உலோகத் தகடுகளை ஒட்டி, குடைந்து, தட்டினால் மர ரேகை தெரியும், பெயரின் பொருளும் அதுதான். டென்பெய் ஷோஅமி என்ற கொல்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கிளேக்காரர்கள் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார்கள். சாயமிட்ட ஒளிகசியும் தகடுகளையும் ரேக்கையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே அச்சுகளாலும் குச்சியாலும் குழி அமுக்கி, மேடுகளை நீளமான மெல்லிய பிளேடால் சீவி எடுப்பது. சீவல் ஒவ்வொன்றிலும் நீங்கள் திட்டமிடாத ஒரு ரேகை இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தப்பாகச் செய்வதே இதில் கஷ்டம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அடுக்கும்போது மூன்று நான்கு தகடுகளாவது சாயமில்லாத வெறும் ஒளிகசியும் கிளேயாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சீவலில் ஆழம் இருக்காது.

பழுப்புக்கு வருகிறேன். இங்கே பெரும்பாலோரின் வீட்டில் இருப்பது ஓடிஜி என்ற சிறிய மின்சார அடுப்பு. அதன் திருகில் 130 என்று இருந்தால் உள்ளே 130 என்று நம்பக் கூடாது. எண்கள் அச்சிட்ட ஒரு தோராயம் அது. நான் ஒரு அடுப்புத் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தபோது, 130க்குத் திருப்பிய என் அடுப்பு 155ஐத் தொட்டு, பிறகு 115க்கு இறங்கி, மீண்டும் ஏறியது. கம்பி சிவக்கும் ஒவ்வொரு முறையும் மேற்புறம் வறுபட்டிருக்கிறது. கலர் கிளேயில் இந்தக் கருகல் தெரியாது, ஒளிகசியும் கிளே மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். தெர்மாமீட்டர் வாங்குங்கள், பெரிய செலவில்லை. ஒரு தடித்த தரை டைலைத் தட்டில் வைத்து, அதன் மேல் வெள்ளைத்தாள், அதன் மேல் பொருள். அலுமினியத் தாளால் கூடாரம் மாதிரி மூடிவிடுங்கள், கம்பியின் நேர்ச்சூடு படாது. உங்களிடம் இருப்பது மைக்ரோவேவ் அடுப்பு என்றால், மைக்ரோவேவ் முறையில் ஒருபோதும் வேண்டாம், அதில் கன்வெக்ஷன் (சுடுகாற்று) முறை இருந்தால் அது மட்டும் பயன்படலாம்.

சூடும் நேரமும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பிரீமோவுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம். ஃபிமோவுக்கு 110, செர்னிட்டுக்கு 110 முதல் 130, பார்டோவுக்கு 120, கேட்டோவுக்கு 150. பாக்கெட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அல்ல. அளவுக்கு மிஞ்சிக் கருகினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூக்கில் சுரீர் என்று ஏறும். அப்படி ஆனால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

சுட்ட உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடும் என்பதைக் கேட்டிருப்பீர்கள். என் பட்டைகளில் சில பிராண்டுக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒரே துண்டைப் பாதியாக வெட்டி, பாதியை ஐஸில் போட்டுப் பாருங்கள். தடித்த பொருளையும் உள்ளே உலோகமோ கண்ணாடியோ வைத்ததையும் போடாதீர்கள், விரிசல் விடலாம்.

பிராண்டு. மெல்லிய தாளாகச் சுட்டால் பார்டோ மிகவும் தெளிவு, ஆனால் இங்கே கிடைப்பது அரிது. செர்னிட் பீங்கான் மாதிரி அழகாக வரும், வெந்தால் உறுதி. ஆனால் பச்சையாக இருக்கும்போது வெயிலுக்கு வெண்ணெயாக இளகும். பிரீமோவில் இரண்டு உண்டு. சாதாரண டிரான்ஸ்லூசன்ட் சற்று மஞ்சள் சாயலோடு வரும். வெள்ளை டிரான்ஸ்லூசன்ட்டில் துணிக்கு நீலம் போடுவதுபோல ஒளிர்விக்கும் பொருள் சேர்த்திருப்பதால் வெளுப்பாகத் தெரியும், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். நீல, ஊதாப் பூக்களுக்கு இரண்டாவது, மஞ்சள், சிவப்பு, அம்பருக்கு முதலாவது. உங்கள் கையில் எது இருக்கிறதோ அதிலேயே அரை மி.மீ. அடுக்கு போட்டால், விலையுயர்ந்த பிராண்டில் 3 மி.மீ. போட்டதைவிட நன்றாக இருக்கும். வாங்கும்போது ஒன்று: கூரியரில் வெயிலில் கிடந்ததோ, ஸ்கூட்டர் டிக்கியில் மதியம் முழுக்க இருந்ததோ பாதி வெந்துபோய், பிசைந்தால் ரவை ரவையாக உதிரும். அதை ஒளிகசியும் வேலைக்கு எடுக்காதீர்கள்.

தூசியைச் சொல்ல மறந்தேன். ஒளிகசியும் கிளே பூனைமுடி, ஸ்வெட்டர் நூல், நேற்றுப் பிசைந்த கறுப்பு, எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு நிரந்தரமாகக் காட்டும். அன்றைய வேலையில் முதலில் ஒளிகசியும் கிளே, பிறகு வெள்ளை, கடைசியில்தான் சிவப்பும் கறுப்பும்.

முடித்த பொருளின் மங்கலில் ஒரு பங்கு உள்ளே இல்லை, மேற்பரப்பில் இருக்கிறது. கைரேகையும் நுண்ணிய மேடு பள்ளமும் வெளிச்சத்தை வாசலிலேயே சிதறடித்துவிடும். ஹார்ட்வேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள்: 400, 600, 1000, முடிந்தால் 2000. ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, அதற்குள்ளேயே வைத்துத் தேயுங்கள், தூசியும் பறக்காது. பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தித் தேய்த்தால் மெருகு ஏறும். பளபளப்பு போதவில்லை என்றால் தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ், இல்லை மேலே ஒரு கோட்டு யுவி ரெசின். நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம். போடும் அன்று அழகாக இருக்கும், அதில் உள்ள கரைப்பான் கிளேயை இளக்கி, சில மாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டும்.

உங்கள் மங்கிய பதக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? முதலில் ஈரத் துணியால் மேற்பரப்பைத் துடைத்து, அந்த ஈரம் காய்வதற்குள் பாருங்கள். பூ தெளிவாகத் தெரிந்தால் கோளாறு மேற்பரப்பில்தான், தேய்த்து வார்னிஷ் போட்டால் போதும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் 220 எண் தாளில் ஆரம்பித்து மேல் அடுக்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நனைத்துப் பாருங்கள். பழுப்பு பெரும்பாலும் மேல் தோலில்தான் இருக்கும், அது முதலில் போய்விடும். பூ எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் 400க்கு மாறுங்கள். இதழின் நீலம் தாளில் ஒட்ட ஆரம்பித்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படி ஆனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது: கழுவி, நன்றாகக் காயவைத்து, திரவக் கிளே தடவி, இந்த முறை அரை மி.மீ. அடுக்கு ஒன்றைப் போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சுடுங்கள்.